பணிமனைக் காற்றைச் சுவாசித்த ஈக்கள்

அவளுக்கு வேலை, ஆராய்ச்சிக்கூடத்தில் ஈ வளர்ப்பது. "ஊர்ல பாதிப் பேரு சும்மா ஈ ஓட்டுறான், என் பொண்டாட்டி சம்பளம் வாங்கிட்டு ஓட்டுறா" என்று, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் கேலி செய்வான். அக்கம்பக்கத்தில் அவள் பெயரே ஈக்காரி என்றாகிவிட்டது. அவள் கோபித்துக்கொண்டதில்லை.

ஈக்களின் அறை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த கூழின் புளித்த மணத்தில் கண் தானாகச் சொக்கும். பஞ்சு அடைத்த கண்ணாடிக் குப்பிகளுக்குள் எள்ளளவு பழ ஈக்கள் சிவந்த கண்களோடு ஊரும். சன்னல் வெளிச்சம் பட்டால் இறக்கைகளில் ஊதாவும் பச்சையும் வழியும். தெருவும் வண்டிகளும் எங்கோ தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். கையிலிருக்கும் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும்.

ஊரின் பல இடங்களில் பிடித்த புகைத்தூசியை ஆய்வாளர் அம்மா காற்றில் கலந்து குப்பிகளுக்குள் விடுவார். பிறகு குப்பியைத் தட்டினால் ஈக்கள் அடியில் விழுந்து, உடனே மேலே ஏறும். அது அவற்றின் சுபாவம். பூங்காக் காற்றைச் சுவாசித்தவை மளமளவென்று ஏறின. ஒரு வரிசை மட்டும் பாதி வழியில், களைத்த மனிதர்களைப் போல நின்றுவிட்டது.

"இது எந்த இடத்துக் காத்தும்மா?"

"பஸ் டெப்போ."

மாடிப்படித் திருப்பத்தில், செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்று மூச்சு வாங்கும் கணவன் அவள் கண்முன் வந்தான்.

வீட்டில் சொன்னபோது, "ஈக்கு மூச்சு இளைச்சா எனக்கென்ன?" என்று சிரித்தான்.

"ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சிரிங்க."

அனுமதி வாங்கி அவனை அழைத்துப் போனாள். அவள் குப்பியைத் தட்ட, அவன் குனிந்து பார்த்தான். "இன்னொரு தடவை தட்டு" என்றான். மறுபடியும் பாதியிலேயே நின்றன. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஈயும் மனுஷனும் ஒண்ணில்லைங்க. ஆனா எதுக்கும் டாக்டரைப் பாத்துடுங்க" என்றார் ஆய்வாளர் அம்மா.

பார்த்தான். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தன, மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் இன்ஹேலர் குப்பி கைக்கு வந்தது. அடுத்து, பணிமனையில் ஒவ்வொருவரிடமும் வாய் வலிக்கப் பேசினான். கொட்டகைக்குள் வண்டி நின்றதும் இன்ஜினை அணைப்பது வழக்கமாயிற்று. மேலாளர் முணுமுணுத்தபடியே பின்பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்.

மழைக்காலம் கழிந்து அங்கிருந்து மறுபடி தூசி வந்தது. வீடு திரும்பியவளிடம் அவன் வாசலிலேயே கேட்டான்.

"ஏறுச்சா?"

"எல்லாம் இல்லைங்க. கொஞ்சம், பாதியைத் தாண்டிப் போச்சு."

"கொஞ்சமாச்சும் போச்சே" என்று அவள் பையை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் ஒரு குப்பியில் புதிய ஈக்கள் கூடுடைத்து வந்தன. நனைந்து சுருங்கிக் கிடந்த இறக்கைகள் மெல்ல விரிந்து உலரும்வரை, அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.