கடைசியாக எழுந்திருப்பவர் பாய் மடிக்க வேண்டும்

கிட்ட வந்து உட்காருங்க. நர்சரி ஆயா வேலை என்றால் மூக்குத் துடைப்பதும் நிக்கர் மாட்டிவிடுவதும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் முப்பத்திரண்டு பிள்ளைகளைப் பாயில் கிடத்தித் தூங்க வைப்பதுதான் வேலை, மற்றதெல்லாம் சும்மா. மட்டாஞ்சேரியில், சுக்குக் குடோனை ஒட்டியிருந்த நர்சரியில், பதினாறு வருஷம் அதைச் செய்தேன். ஊருக்குள் டிவி வந்த பிறகுதான் பாடு. சின்னப் பிள்ளையும் டிவியும் ஒரே வீட்டில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? நாமெல்லாம் ஒரே கட்சி.

எட்டு மணிப் படுக்கை

காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டே தூங்குவான் பஷீர். நாலு வயசு. முன்னால் நிற்கிற பையன் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்துவிட்டு, கையையும் கூப்பிக்கொண்டு தூங்குவான். பார்த்தால் பக்தி மாதிரியே இருக்கும். ஒருநாள் முன்னால் இருந்தவன் கீழே விழுந்த பொத்தானை எடுக்கக் குனிந்தான். பஷீர் அவன்மேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்தான். மூக்கில் சிராய்ப்பு.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவன் உம்மாவிடம் கேட்டேன், ராத்திரி எப்போது படுக்கிறான் என்று. சாயா கொடுத்து உட்கார வைத்துச் சொன்னாள்: “எட்டு மணிக்கே படுத்துருவான் சேச்சி. டிவிக்கு முன்னாடி படுக்கிறதால கண்ணு மட்டும் மூட மாட்டேங்குது.”

பாய்ச் சட்டம்

நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். மத்தியானத் தூக்கம் முடிந்ததும் மணியை மூன்று தட்டு தட்டுவேன். கடைசியாக எழுந்திருப்பவர் எல்லார் பாயையும் மடிக்க வேண்டும். மூன்றாவது தட்டுக்கு முன்னால் முப்பத்திரண்டு பேரும் கதவோரம் நிற்பார்கள்.

டிவி வந்த வருஷம் சட்டம் செத்துப்போனது. மூன்று தட்டினேன், ஆறு தட்டினேன், குடோனில் சுக்கு அள்ளுகிற ஆட்கள் சோற்று மணி என்று நினைத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். பாயில் ஒரு தலை அசையவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தி, பாயெல்லாம் நானே மடித்தேன். லில்லி டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேச்சியம்மே, முன்னே உங்க வேலை தூங்க வைக்கிறது. இப்போ எழுப்புறது. ரெண்டும் உங்களுக்கு வரலை.”

சேலை

இன்னொரு கூத்து. ராத்திரி செய்தி வாசிக்கிற அம்மா கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் சில வீடுகளில் பிள்ளைகளைப் படுக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது. அந்தப் பழக்கத்தில், மத்தியானமும் கும்பிட்டால்தான் கண்ணை மூடுவோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். சரி, நமக்கென்ன நஷ்டம் என்று பாய்களுக்கு முன்னால் நின்று, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “நமஸ்காரம்” என்றேன். பொத்தென்று எல்லாரும் படுத்தார்கள்.

ஒருத்தி மட்டும் படுக்கவில்லை. எங்கள் சந்துப் பிள்ளை சுதா. அஞ்சு வயசு, அப்பா துபாயில் டிரைவர். தூக்கம் சொக்கி விழுந்துகொண்டிருந்தது, ஆனாலும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நேத்தும் இதே சேலைதான் கட்டியிருந்தீங்க. மாத்திட்டு வாங்க ஆயாம்மா.”

சுவரோரம்

இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் மந்தம் என்றார் லில்லி டீச்சர். எழுது என்றால் சிலேட்டில் தலை வைத்துத் தூங்குகிறாளாம். அம்மா செல்வியைக் கூப்பிட்டு, இந்த மாசம் முடிவதற்குள் முழித்திருந்து எழுதினால் ஒண்ணாம் கிளாஸ், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயே பாயில் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் என்ன செய்யட்டும் டீச்சர்? அவ அப்பா டிவி கொண்டுவந்த நாள்லேர்ந்து தெனமும் பதினெட்டுப் பேர் வர்றாங்க. இருக்கிறது ஒரே அறை. பிள்ளை படுக்கிற இடத்துலதான் ஆள் உட்கார்ந்திருக்கு. வராதீங்கன்னு சொன்னா, கல்ஃப் காசு பேசுதும்பாங்க.”

நானும் இத்தனை வருஷ அனுபவத்தைக் குரலில் ஏற்றிக்கொண்டு, “பிள்ளைங்களை எட்டு மணிக்கெல்லாம் தூங்க வைக்கணும் செல்வி” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “சுவரோரம் சாஞ்சு உட்கார்றது யாரு அக்கா? அது என் மகளோட பாய் போடுற இடம்.”

டம்ளர்

உங்களிடம் மறைப்பானேன். அந்தப் பதினெட்டில் நானும் ஒருத்தி. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நாடகத்தில் வருகிற அந்த மாமியார் முழிக்கிற முழியிலேயே கதை விளங்கிவிடும். அன்றைக்குப் போகவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் முந்தின நாள் மருமகளைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

ஒன்பது மணி இருக்கும். மருமகள் ஒரு காலை வாசப்படியில் வைத்தாள். அப்போது அடுக்களைப் பக்கத்திலிருந்து, டங், டங், டங். சுதா நிற்கிறாள், ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் கரண்டி. என்னுடைய அதே மூன்று தட்டு.

“எல்லாரும் எந்திரிங்க! கடைசியா எந்திரிக்கிறவங்க எல்லார் பாயையும் மடிக்கணும்!”

அம்மாமார் மடியில் கிடந்த என் நர்சரிப் பிள்ளைகள் ஐந்து பேர் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பழைய சட்டம் ரத்தத்தில் இருந்திருக்கிறது. பிள்ளை ஓடினால் அம்மா பின்னாலேயே ஓட வேண்டாமா? அம்மா போனால் அப்பா. சிரித்துக்கொண்டே மற்றவர்களும் எழுந்தார்கள். மூட்டு வலிக்காரி நான், வாசப்படியில் நின்ற மருமகளையும் திரும்பிப் பார்த்தபடி எழுந்தேன். கடைசி.

ஏழு பாய். கடலைத் தொலி வேறு. நான் மடித்து முடிக்கிற வரைக்கும் சுதா இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு டிவிப் பெட்டியின் கதவை இழுத்து மூடினாள், சுவரோரம் தன் பாயை விரித்தாள், என்னைப் பார்த்துக் கை கூப்பினாள்: “நமஸ்காரம்.”

கரண்டி

தினமும் ஒன்பதுக்கு டம்ளர் அடித்தது. மாசக் கடைசியில் சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டிவிட்டு, பக்கத்துக் கட்டடத்து ஒண்ணாம் கிளாஸுக்குப் போனாள். போகிற அன்று அந்த டம்ளரையும் கரண்டியையும் என் கையில் கொடுத்துச் சொன்னாள்: “நீங்க இப்போ அடுத்த சந்துல டிவி பாக்கப் போறீங்களாமே. அங்கேயும் ஒரு பாப்பா இருக்கு. ஒன்பது மணிக்கு நீங்களே அடிங்க ஆயாம்மா.”

ஒரு வாரம் கழித்து, அடித்தீங்களா என்று கேட்டவளிடம், கரண்டி தொலைந்துபோச்சு கண்ணு என்று கூசாமல் சொன்னேன். மறுநாள் காலையில் வேறொரு கரண்டியோடு வந்து நின்றாள்.