உலகம் அழிந்த பிறகு ஒரு மழைப் பாட்டு

சென்னையில் சில வருடம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு ஊர் திரும்பி, பாளையம்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பழைய பழக்கத்தில் ஒரு இயக்குநர் போன் செய்தார். உலகம் அழிந்து நூறு வருடம் கழித்து நடக்கிற கதை, சின்ன பட்ஜெட், காய்ந்த ஊர் ஒன்று வேண்டும் என்றார். எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் என் சித்தி ஊர்க் கண்மாயைக் காட்டினேன். வெடித்துக் கிடந்த கரிசலையும் சீமைக்கருவேலத்தையும் பார்த்துப் பூரித்துவிட்டார்.

"செட்டே வேணாம் சார். அப்படியே உலகம் அழிஞ்ச மாதிரி இருக்கு!"

இதற்குப் பெருமைப்படுவதா என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. "போன வாட்டி மழ தப்பிருச்சு, அதான்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

படத்தின் கதை இதுதான்: தண்ணீரையெல்லாம் ஒரு வில்லன் பூட்டி வைத்திருக்கிறான். ஜனங்கள் அவனுக்கு அடிமை. கதாநாயகி சாட்டையோடு வந்து மீட்கிறாள். உலகத்தில் துணி தீர்ந்துவிட்டதால் அவளுக்கு இரண்டு தோல் துண்டுகள்தான் உடை. உதட்டுச் சாயம் மட்டும் எப்படியோ தீரவில்லை. வில்லனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை துணி. அதற்குக் கதையில் விளக்கம் கிடையாது.

அடிமைகளாக ஊர்ச் சனமே நடித்தது. சித்தி பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக வந்து நின்றாள். உடைக்காரர் கிழிந்த சாக்கை நீட்டினார்.

"சாக்கக் கட்டிக்கிட்டு நிக்கவா? எங்க சம்பந்தி வீட்டுல பாத்தா என்ன நெனப்பாக?"

கடைசியில் பட்டுச்சேலைக்கு மேலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டாள்.

பிறகு மழைப் பாட்டு. தண்ணீரே இல்லாத உலகத்தில் மழை எப்படி என்று கேட்டேன். "கனவு சார்" என்றார் இயக்குநர். அதற்காக டேங்கர் லாரி வந்தது. ஊரில் குழாய்த் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஹாரன் கேட்டதும் அடிமைகள் வீட்டுக்கு ஓடினார்கள். போன வேகத்தில் பிளாஸ்டிக் குடங்களோடு திரும்பி, சாக்கு உடையிலேயே வரிசை கட்டினார்கள். வில்லன் நடிகர் கொம்பு வைத்த தொப்பியோடு நடுவில் நின்று, "தள்ளாதீங்கம்மா, எல்லாருக்கும் கிடைக்கும்" என்று வரிசையைச் சரிசெய்தார். நல்ல மனிதர்.

நான் இயக்குநரிடம் ஓடினேன். "சார், கேமராவ இப்படித் திருப்புங்க. முன்னால ஹீரோயின் நனைஞ்சு ஆடட்டும், பின்னால இவங்க குடத்தோட நிக்கட்டும். இதுதான் சார் படம்."

"மெசேஜ் சொன்னா ஓடாது சார். கூட்டத்த கிளியர் பண்ணுங்க, லைட் போகுது."

சித்தி குடத்தை இறக்கவில்லை. "ஏய்யா, தண்ணியப் பூட்டி வச்சிருக்கான்னு நீங்கதான சொன்னீக? இப்பத் தொறந்திருக்கு, பிடிக்க வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள், கதாநாயகி உட்பட. இயக்குநர் சிரிக்கவில்லை. குடங்கள் நிறைந்தது போக மிச்சத் தண்ணீரில் ஒரு சரணம் வரைக்கும்தான் மழை பெய்தது.

படத்தை அருப்புக்கோட்டையில் சித்தி குடும்பத்தோடு பார்த்தேன். சித்தியின் முதுகு ஒரு நொடி வந்தது. கதாநாயகியின் இடுப்பு படம் முழுக்க வந்தது. அந்த வரிசை வரவேயில்லை. சித்தி பாப்கார்னைத் தின்று முடித்தாள்.

இந்த மாதிரிப் படங்கள் எனக்குப் பிடிக்கும், அதனால்தான் கோபம். மலிவுப் படத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நேராகத் திட்ட முடியாதவர்களை ஒரு கொம்புத் தொப்பிக்குள் வைத்துத் தாராளமாகத் திட்டலாம். அப்படி ஒரு வசதி கையில் இருந்தும் இவர்கள் நனைந்த இடுப்பைத்தான் தேடுகிறார்கள்.

போன ஐப்பசியில் இயக்குநர் மறுபடி அழைத்தார். இரண்டாம் பாகமாம்.

"இங்க நல்ல மழை சார். கண்மாய் பெருகிக் கெடக்கு" என்றேன்.

"அடடா, அப்படியா?" குரலில் நிஜமான துக்கம். "சரி விடுங்க. பக்கத்துல எங்கயாவது காஞ்சு கெடந்தா சொல்லுங்க."