ஹோம் இல்லை, ஓம்

அந்த முகமூடிக்குள் வியர்வையும் நல்லெண்ணெயும் சேர்ந்து மணக்கும்...

நல்லெண்ணெய் அம்மாவின் வேலை. ஆட்டம் உள்ள நாட்களில் என் இரண்டு முழங்கால்களிலும் தேய்த்துவிட்டுத்தான் வெளியே போக விடுவார். அது என் கையில் ஒட்டி, கையிலிருந்து முகமூடிக்கும் போய்விடும். அணியில் ஒருத்தனும் என் முகமூடியை இரவல் கேட்டதில்லை.

நான் பேஸ்பால் விளையாடியவன் என்று சொன்னால் இப்போது அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. என் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் 2009 முதல் 2013 வரை, கோடையில் மட்டும் சம்பளம் தருகிற ஒரு சிட்னி அணியில் நான் கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறியப்படும் பந்தைப் பிடிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் விக்கெட் கீப்பராக இருந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் வாரமே கட்டைவிரல் வீங்கி, சோறு பிசைய முடியவில்லை.

கேட்சர்தான், ஆனால் இரண்டாவது கேட்சர். முதலாவது ஆள் விளையாடுவான், நான் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு கோடை அப்படியே போனது. பகலில் செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் சோபா தூக்குவேன். பின்னேரம் பயிற்சி. சனிக்கிழமை வாங்கு.

என்னைக் காரில் கொண்டுபோய்க் கூட்டிவந்தது அக்கா. பேஸ்பாலில் அவளுக்கு ஒரு மண்ணும் விளங்காது. நேர்ஸ் வேலை முடிந்து அப்படியே வந்து, நான் விளையாடாத ஆட்டங்களையும் கடைசிவரை பார்ப்பாள்.

"நான் சும்மா இருக்கிறதைப் பாக்கவோ அக்கா வாறாய்?"

"நீ இருக்கிறாய்தானே. அது காணும்."

மூன்றாவது கோடையில் முதல் கேட்சரின் விரல் முறிந்தது. பாவம்தான்... ஆனால் உண்மையைச் சொன்னால், செய்தி கேட்டதும் களஞ்சியத்தின் மூலைக்குப் போய்த் தனியே சிரித்தேன். சனிக்கிழமை நன்றாக ஆடினால் மிச்ச சீசனும் உனக்குத்தான் என்று கோச் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை நன்றாகத்தான் ஆடினேன். கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் முன்னுக்கு நிற்கிறோம். எதிரணியில் இன்னும் ஒருவனை அவுட் ஆக்கினால் வெற்றி. அவர்களில் இரண்டு பேர் ஓடிவரத் தயாராக மூன்றாவது, இரண்டாவது பேஸில் நிற்கிறார்கள்.

மைதானம் முழுவதையும் முன்னால் பார்த்தபடி இருப்பவன் கேட்சர் மட்டும்தான். அதனால் பந்தை எங்கே எறிவது என்று சொல்வதும் அவன் வேலை. அவன் குந்தியிருக்கும் இடத்துக்குப் பெயர் ஹோம். எதிரணிக்காரன் அங்கே ஓடிவந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம்.

அடித்த பந்து உருண்டு மூன்றாவது பேஸைக் காத்து நின்ற எங்கள் கிரெய்க்கிடம் போனது. அடித்தவன் ஓடிச் சேர்வதற்குள் அதை முதலாம் பேஸுக்கு எறிந்தால் ஆட்டம் முடிந்தது.

"ஃபர்ஸ்ட்?" என்று கத்தினான் கிரெய்க்.

"ஓம்! ஓம்!" என்றேன்.

ஆம் என்பதற்கு வீட்டில் நாளுக்கு நூறு தரம் சொல்கிற சொல். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கிரெய்க்கின் காதில் அது "ஹோம்! ஹோம்!" என்று விழுந்தது. நான் முகமூடியைக் கழற்றிவிட்டு முதலாம் பேஸைப் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து வந்து என் தோளில் அடித்து வேலிப் பக்கம் ஓடியது. இரண்டு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். தோற்றோம்.

"ஏன் ஹோம் என்று கத்தினாய்?" என்று கேட்டார் கோச்.

"யெஸ் என்றுதான் சொன்னேன்."

"எந்தப் பாஷையில்?"

தமிழில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குனிந்து முழங்கால் காப்பைக் கழற்றத் தொடங்கினேன்.

திரும்பி வரும்போது அக்கா ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் காரை நிறுத்தி ஜிலேபி வாங்கித் தந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வாறியோ? ஓமோ, இல்லையோ?"

அந்தச் சொல் மட்டும் என் வாயில் வரவில்லை. ஜிலேபிப் பாகு விரலெல்லாம் வழிந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை களஞ்சிய வாசலில் அவளுடைய கார் ஹோர்ன் அடித்தது. பின்னால் என் முகமூடி, கையுறை எல்லாம். மைதானத்தில் என்னை இறக்கிவிட்டுப் போகாமல், மருத்துவமனைச் சீருடையோடு நேரே கோச்சிடம் நடந்தாள்.

"இன் தமிழ், ஓம் மீன்ஸ் யெஸ். ஹீ செட் யெஸ்."

கோச் முழித்தார். கிரெய்க்தான் முதலில் சிரித்தான். "ஓம்... ஓம்..." என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். நான் அவசரமாக, இனிமேல் யெஸ் என்றே பழகுகிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"யூ கீப் யுவர்ஸ், மேட். வீ'ல் சேஞ்ச் அவர்ஸ்."

அன்றிலிருந்து எங்கள் அணியில் ஹோமுக்குப் பெயர் "பிளேட்". என் ஒரு சொல்லுக்காக மற்றவர்கள் எல்லாரும் தங்கள் சொல்லை மாற்றிக்கொண்டார்கள். 

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கோச் இரண்டு வாரம் வேறொருவனை வைத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். கிரெய்க் "ஃபர்ஸ்ட்?" என்று கேட்க, வாங்கில் இருந்தவர்களும் என்னோடு சேர்ந்து "ஓம்!" என்று கத்தினார்கள். நாங்கள் யோகா செய்கிறோம் என்று எதிரணி நினைத்திருக்கும். அந்த இடத்தில் இன்னும் ஒரு கோடை குந்தினேன், முழங்கால் போதும் என்று சொல்லும்வரை.

இப்போது மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தாலே முழங்கால் சத்தம் போடுகிறது. அவளிடம் தமிழில் என்ன கேட்டாலும் பதில் இங்கிலீஷ் "யெஹ்"தான். ஓம் சொல்லு பிள்ளை என்று கெஞ்சி அலுத்துவிட்டேன்.

அவளும் சின்னப் பிள்ளைகளுக்கான பேஸ்பாலில் சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பந்து உருண்டு அவளிடம் வந்தது. எடுத்தவள் பதறிப்போய், வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, "அப்பா, ஃபர்ஸ்ட்?" என்று கத்தினாள்.

"ஓம்!" என்றேன். சொன்ன பிறகுதான், இவளுக்கும் அது ஹோம் என்று கேட்டிருக்குமோ என்று நினைத்தேன்.

அவள் முதலாம் பேஸுக்கு எறிந்தாள்.

பக்கத்தில் நின்ற அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"பாத்தியாடா, பிள்ளைக்கு விளங்குது!"