பயோடீசல் கழுவிய கைகள்

பஜ்ஜிக் கடைகளில் சுட்டு மிஞ்சிய எண்ணெயை டீசலாக மாற்ற என் கணவருக்குத் தெரியும். லாஸ்பேட்டை வீட்டின் பின்பக்கம் இரண்டு டிரம் வைத்திருந்தார். ஒன்றில் நொதி சேர்த்துச் செய்கிற என்சைம் முறை. என்சைம் விலை அதிகம், ஆனால் கழுவுகிற வேலை கிடையாது. இன்னொன்றில் காஸ்டிக் சோடா. அது மலிவு, ஆனால் டீசலில் சோப்பு தங்கிவிடும். தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவ வேண்டும். குச்சி போட்டுக் கலக்கினால் தயிர் மாதிரி திரண்டுவிடும் என்று கையால்தான் துழாவச் சொல்வார். துழாவுகிறவள் நான்.

வைத்திக்குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் விலை கேட்டு வந்தார். இவர் நோட்டை விரித்து, என்சைமில் ஆகிற செலவில் பாதிதான் காஸ்டிக்கில் என்று காட்டினார். இந்தக் கணக்கில் கழுவுகிற ஆளுக்குக் கூலி எங்கே என்று படகுக்காரர் கேட்டார்.

"வூட்டு ஆளுக்கு எதுக்குங்க கூலி?" என்றார் இவர், டீ கொண்டுவந்த என்னைக் காட்டி.

படகுக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விரலிடுக்கெல்லாம் வெந்து, ரசம் சோறு பிசைந்தால் உயிர் போகும். கையுறை கேட்டதற்கு, அடக்க விலை ஏறிவிடும் என்றார். ஒருநாள் காஸ்டிக் கரைக்கும்போது தெறித்து, வலது கை மணிக்கட்டு வரை பொத்துப்போனது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனுஷன், டிரம்மில் இருந்த டீசலை எத்தனை தடவை கழுவி முடித்திருந்தேன் என்று கேட்டார். பாழாய்ப்போன மனுஷன்!

வேறு ஆள் வையுங்கள், இல்லாவிட்டால் என்சைமுக்கு மாறுங்கள், நான் இனி தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. புருஷனை இழந்து கிராமத்தில் களை பறித்துக்கொண்டிருந்த தன் தங்கையை, மூன்று வேளைச் சோறு போடுகிறேன் என்று கூட்டிவந்தார்.

வந்த அன்றே டிரம் முன்னால் குந்தினாள். என் கைக்கட்டு அவள் கண்ணில் பட்டது.

"இது எப்டி அண்ணி ஆச்சு?"

உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே போய்விடுவாள். டிரம் மறுபடி என் தலையில்தான் விழும்.

"அப்பளம் பொரிக்கச்சொல்ல எண்ணெ கொட்டிடுச்சு," என்றேன்.

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். நான் கூடத்துக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது.