ஈரத்துக்குக் கழித்தது

நிரோஷா, கவிஷன்,

உங்களுக்கு முன்னால் பிறந்த அக்கா பவித்ராவைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொல்ல என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவைக்காரன். மூட்டைகளைக் கொக்கியில் மாட்டி நிறுக்கும் பழைய முள் தராசு எங்களுடையது. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் நிறையில் ஏறும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துத்தான் எழுத வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்கள் என்னைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"இவரு பெத்த புள்ளைய நிறுத்தாலும் ஈரத்துக்குக் கழிப்பாரு" என்பார் ராசம்மாக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பவித்ரா இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். பால் குடித்தாலே மூச்சு வாங்கும். ஐந்து கிலோ வந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். நான்கு மாதம் உங்கள் அம்மா அவளோடு பெரிய ஆஸ்பத்திரி வார்டிலேயே இருந்தாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் தலவாக்கலையில் ரயிலேறிப் போவேன். அங்கே நர்ஸ் மிஸ்மார் என்னைத் "தாத்தா" என்பார்கள். சிங்களத்தில் அது அப்பா. முதல் தடவை அதைக் கேட்டபோது உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வார்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு காலையில் பிள்ளையைத் தராசில் வைத்தோம். குளிரும் என்று மிஸ் துணியை அவிழ்க்கவில்லை.

"அஞ்சு கிலோ சரி, தாத்தா! பபா கெட்டிக்காரி!"

உங்கள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நேப்கின் ஈரமா இருக்குங்க மிஸ். அதக் கழிக்கணும்."

அவிழ்த்து நிறுத்தார். நூறு கிராம் குறைவு. இன்னும் இரண்டு கிழமை பார்ப்போம் என்றார் டாக்டர். பத்தாம் நாள் பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. அவளுடைய இதயம் தாங்கவில்லை. போய்விட்டாள்.

"கொழுந்தாங்க நிறுத்தீங்க?" என்று உங்கள் அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை கேட்டதில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மயக்க மருந்தே நிறையைப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். நீங்கள் சொன்னது சரிதான் என்றார். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன், எதை நிறுத்தாலும் சரியாக நிறுங்கள். ஆனால் சரியாகச் செய்தவனுக்கு மனம் ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்றும் மழை. ராசம்மாக்கா சாக்கை மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "கழிச்சே எழுதுங்க தம்பி" என்றார்.

எல்லோரும் போன பிறகு, பையில் வைத்திருந்த பவித்ராவின் நேப்கினை எடுத்தேன். பீலியில் கொட்டும் தண்ணீரில் நனைத்தேன். கொக்கியில் மாட்டினேன்.

முள் அசையவில்லை.