பேர் வைக்காத வண்டு

வடக்கனந்தலில் உள்ள என் டீக்கடைக்குக் கல்வராயன் மலையிலிருந்துதான் விறகு வரும். ஒருநாள் அதைத் தேடிக்கொண்டு வண்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். கை நொடிக்கொரு தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே ஒரு குப்பி. அதில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வண்டு.

"இன்னா சார், இதுக்கா இப்டி பயப்படறீங்க?"

"இதுக்கு இன்னும் யாருமே பேர் வைக்கலைங்க. கிடைச்சது இது ஒண்ணுதான். இது இருந்த மரம் உங்க கடைக்குத்தான் விறகா வந்துச்சாம்."

"பாதிய எரிச்சிட்டேனே சார்!"

மீதிக் கட்டைகளின் பட்டையை உரித்து உரித்துப் பார்த்தார். துளைகள் இருந்தன, வண்டு இல்லை. டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இப்போதெல்லாம் பட்டையில் துளை தெரிந்தால் அந்த விறகை அடுப்பில் வைக்க எனக்குக் கை வருவதில்லை. அந்தக் கட்டைகள் கடைக்குப் பின்னால் அப்படியே சேர்ந்துகிடக்கின்றன. மழை தூறினால் முதலில் அவற்றைத்தான் ஓடிப்போய் மூடுகிறேன். அவரைத்தான் இன்னும் காணோம்.