விரல் எண்ணிய மௌனம்

பிளாக்டவுன் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பெரியவர், அமெரிக்க வாக்காளர்களை இங்கிருந்தே தொலைபேசியில் அழைத்துக் கருத்துக் கேட்கும் வேலை செய்பவர். நான் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அவர் சுட்டுவிரலால் தன் முழங்காலைத் தட்டுவார்.

“பதவிக்காலத்துப் பாதியில இடைக்காலத் தேர்தல் வந்தா அதிபருக்கு ஏங்க ஆதரவு குறையுது?” என்றேன்.

“எதிர்த்த ஆக்கள் முதல் நாளே எதிர்த்தவை. நம்பி வோட்டுப் போட்டவைதான் மாறுகினம். திருப்தியோ எண்டு கேட்டா, முதல் வருசம் உடனே ஓம் எண்டுவினம். அடுத்த வருசம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பினம். அதை நான் விரலால எண்ணுவன்.”

பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, ஆசைப்பட்டுத்தானே இந்த நாட்டுக்கு வந்தனீங்கள். திருப்தியோ?”

‘ஆமா’ என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் விரல் தட்டத் தொடங்கியது.

பரமட்டாவில் அவர் இறங்கும்வரை அது நிற்கவில்லை.